பைக்குள் விழுந்த ஓரங்கள்

மலிவாகக் கிடைக்கிறது என்றால் அவளுக்குத் தலைகால் புரியாது. தையல் தெரிந்தவள்தான், வீட்டில் சாதாரணத் தையல் மெஷின் ஒன்றும் உண்டு. ஆனால் தைத்த துணியின் உள்பக்கம் பிசிறு பிசிறாய் நிற்பதைப் பார்த்தால் மனசு ஆறாது. பிசிறை வெட்டிக்கொண்டே ஓரத்தை நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின், ரொட்டி டப்பா அளவில், பழையது ஒன்று விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மறுநாள் காலையிலேயே போய் நின்றுவிட்டாள்.

விற்றவள் நான்காவது மாடியில் இருந்தாள். அவள் மடியில் ஒரு பொத்தான் டப்பா. மூடியில் ஆணியால் ஓட்டை ஓட்டையாய்ப் போட்டிருந்தது. பேசி முடிக்கும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. ஜன்னல் கொடியில் மஞ்சள் பூப்போட்ட கவுன்கள் வரிசையாய்த் தொங்கின, ஒன்றைவிட ஒன்று சின்னதாக. கடைசிக் கவுன் கட்டைவிரல் உயரம்தான். அதிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பொம்மைக்கா என்று இவள் கேட்டாள். அவள் டப்பாவை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"இவ்ளோ சின்னது இதுல ஓட மாட்டேங்குது. இப்பல்லாம் கையாலதான் தைக்கிறேன். நீங்க எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

மெஷினின் முன்னால் தொங்கிய பையில், கத்தி வெட்டித் தள்ளிய பழைய ஓரங்கள் அமுக்கி அமுக்கி நிறைந்திருந்தன. கொட்டிவிட்டுக் கொடுத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து இவளும் கொட்டவில்லை. பெருக்குவது, கொட்டுவது எல்லாவற்றுக்கும் இவள் காலண்டரில் நாளை என்று ஒரே நாள்தான் உண்டு.

முதல் கவுன் மகளுக்கு. எட்டு வயசு, வீட்டில் அவளுக்கு வாண்டு என்றுதான் பெயர். பச்சைத் துணியில் தையலுக்கு வழக்கமாக விடும் அளவு மட்டும் விட்டு வெட்டினாள். இந்த மெஷினில் கத்தி இருக்கிறது என்பதை மறந்துபோனாள், அதுதான் தப்பு. சரசரவென்று ஓடிய மெஷின் ஓரத்துக்குக் கால் இன்ச் வெட்டிப் பையில் தள்ளியது. பக்கவாட்டில் நான்கு ஓரம், ஆகச் சுற்றளவில் ஒரு இன்ச் போயிற்று. தோளிலும் கீழ்விளிம்பிலும் போனது தனி. தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் வாண்டு போட்டுப் பார்த்தபோது கவுன் அளவெடுத்துத் தைத்தாற்போல் உட்கார்ந்தது. பிள்ளை இளைத்துவிட்டாள் என்று நினைத்துச் சாப்பாட்டை ஒரு கரண்டி கூட்டிப் போட்டாள்.

அதே பச்சைத் துணியில் அடுத்த கவுனுக்குக் கத்தியையும் நினைவில் வைத்துக் கூடுதலாகவே விட்டாள். துணியை எப்படிப் பிடித்தாலும் மெஷின் பக்கவாட்டில் இழுத்து அதற்கும் மேலே கால் இன்ச்சை வாங்கிக்கொண்டது. மூன்றாவதிலும் அதே கதை. மூன்றும் வாண்டுக்குக் கச்சிதம். துணியும் மிச்சம், பொண்ணு வளராமல் இருந்தால் செலவும் மிச்சம் என்று கணவன் கிண்டலடித்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்த வாண்டு, ஃபேனைப் போடச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டாள். போன மாசம்வரை அந்த சுவிட்சைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துத் திட்டு வாங்கியவள். இப்போது குதிகாலைத் தூக்கி எம்பியும் நான்கு விரல் எட்டவில்லை. ஷூவைக் கழற்றினாள். உள்ளே காகிதம் திணித்திருந்தது.

"ஷூ பெருசாயிட்டே போவுதும்மா. நான்தான் வச்சுக்கிட்டேன்" என்றாள் வாண்டு.

இன்ச் டேப்பை எடுத்து அளந்தாள். மறுபடியும் அளந்தாள். மூன்று கவுன், மார்பளவில் மூன்று இன்ச் குறைந்திருந்தது. கொடியில் தொங்கிய மஞ்சள் கவுன்கள் கண்முன் வந்தன. பொம்மைக் கவுனை யார் அப்படித் துவைத்துக் காயப்போடுவார்கள்?

மெஷினை ஜன்னல் வழியாக வீசலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வீசினால் போனது திரும்பி வருமா? அவளுக்குத் தெரிந்தது தையல் ஒன்றுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பையைத் தரையில் கொட்டினாள். கொட்டாத சோம்பேறித்தனத்தை வாழ்க்கையில் முதல்முறையாக வாழ்த்தினாள். பச்சை ஓரங்களைப் பொறுக்கினாள், கவுன்களில் சுற்றியிருந்த நூலைப் பிரித்தாள், வெட்டிய ஓரத்தை வெட்டிய இடத்திலேயே வைத்துக் கையூசியால் தைத்தாள். இரண்டு நாள் பிடித்தது. இடது தோளுக்கு மட்டும் ஒரு விரல் நீளம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

"மறுபடியும் பச்சைக் கவுனாம்மா?" என்று வாண்டு முகத்தைச் சுளித்தாள்.

"வாய மூடிட்டுப் போடுடி கண்ணு."

ஒன்றைப் போட்டுக் கழற்றி, அடுத்ததைப் போட்டு, மூன்றாவதையும் போட்டுக்கொண்டு போய் ஃபேன் சுவிட்சைத் தட்டினாள். ஃபேன் சுற்றியது. அம்மாக்காரி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். வாண்டுவின் இடது தோள் இன்றைக்கும் கொஞ்சம் இறக்கம்தான்.

தரையில் மிச்சம் கிடந்தவை எல்லாம் மஞ்சள் ஓரங்கள்.

அவற்றைப் பையில் திரும்பத் திணித்து, வாண்டுவையும் கையில் பிடித்துக்கொண்டு நான்கு மாடி ஏறினாள். கதவைத் திறந்தவள் கையில் அதே டப்பா. நடந்ததை இவள் மூச்சுவாங்கச் சொல்லி முடித்தாள். அவள் வாண்டுவின் கவுனில் ஓடிய கையூசித் தையலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"எம் பொண்ணுக்கு ஏதோ வியாதின்னாங்க. காட்டாத டாக்டர் இல்ல. சின்னதாவுறாளே, போட துணி வேணுமேன்னு நானும் அதுலயே திரும்பத் திரும்பத் தச்சுப் போட்டேன்" என்றாள்.

இவளுக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. கொடியிலிருந்த கவுன்களை எல்லாம் எடுத்துவந்து, மிகச் சின்னதை அவள் மடியில் போட்டாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு ஊசிகளில் நூல் கோத்தாள். விற்றவள் ஒன்றை வாங்கிக்கொண்டு, டப்பாவின் மூடியை மெதுவாகத் திறந்தாள். உள்ளே பொத்தான் ஒன்றுகூட இல்லை.

வாண்டு எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டாள்.

டப்பாவுக்குள்ளிருந்து மெல்லிய குரல் சலிப்போடு கேட்டது: "மறுபடியும் மஞ்சக் கவுனாம்மா?"