டிராக்டருக்கு ஓர் அறை

அண்ணன் கார் வாங்கிய அன்றே என் டிராக்டருக்குச் சனி பிடித்தது. வீடும் ஷெட்டும் அவனுக்கு, முன்னறையும் டிராக்டரும் மகளான எனக்கு என்று அப்பா பாகம் பிரித்திருந்தார். இத்தனை வருஷம் ஷெட்டில் இடம் கொடுத்ததே தன் பெருந்தன்மை என்றான். நல்ல பெருந்தன்மை! வாடகைக்கு உழுது நான் கொண்டுவந்த காசு வீட்டுக்குள் வந்தபோது அந்த ஷெட் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது.

இனி ஷெட்டில் கார் நிற்கும், டிராக்டரை வாசல் வெயிலில் நிறுத்து என்றான். நான்கு டயரும் வண்டியோடு பிறந்தவை. அந்த அளவில் டயர் செய்வதையே எப்போதோ விட்டுவிட்டார்கள். வெயில் பட்டால் ரப்பர் வெடிக்கும், வண்டி படுக்கும், பிறகு நான் அண்ணனிடம் கையேந்த வேண்டியதுதான். அதனால்தான் வேலை இல்லாத மாதங்களில் அச்சுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, டயர் மேல் பாரம் இல்லாமல் தூக்கி வைப்பேன். கழுவித் துடைத்துத் துணி சுற்றுவேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்ய மாட்டார்கள் என்று அண்ணி கிண்டலடிப்பாள். அடிக்கட்டும், எனக்குச் சோறு போடுகிற பிள்ளை இதுதான்.

ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பினால், வண்டி வாசலில் நிற்கிறது. டயர்கள் பளபளவென்று மின்னின. கிட்டே போனதும் பழைய என்ஜின் ஆயில் நாற்றம். என்னைக் கேட்காமலே விலை பேசியிருக்கிறான்; வண்டியை வாங்க ஆள் வருகிறார், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று அண்ணன் தடவிவிட்டிருக்கிறான். ஆயில் ரப்பரை ஊறவைத்தே கெடுத்துவிடும். வந்தவர் ஓட்டல்காரர். தன் ஓட்டல் முன்னால் பூந்தொட்டிகளுக்கு நடுவே அலங்காரமாக நிறுத்தப் போகிறாராம், நட்ட நடு வெயிலில். அவர் கண்ணெதிரே வாளியும் சோப்புமாக உட்கார்ந்து டயரைத் தேய்க்க ஆரம்பித்தேன். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விற்கிறவள் முகம் இப்படி இருக்காது என்று அவருக்கே தெரிந்துவிட்டது, கிளம்பிவிட்டார்.

அண்ணனுக்கு முகம் செத்துப்போனது.

"எத்தனை நாளைக்குக் கழுவுவ? ஷெட் என்னோடது. வண்டி வெயில்லதான் நிக்கும்."

மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்தேன். என் அறையின் வாசல்பக்கச் சுவரைக் காட்டி, மேலே உத்திரம் கொடுத்துவிட்டு வண்டி நுழைகிற அளவுக்கு இடியுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உளியை எடுத்தார். என் பாகம், என் சுவர், யார் என்ன கேட்க முடியும்? வேலை முடிந்ததும் டிராக்டரை உள்ளே ஓட்டினேன். கட்டிலை வெளியே இழுத்து, வண்டி நிற்கட்டும் என்று அண்ணன் சொன்ன அதே இடத்தில் போட்டேன்.

அண்ணன் ஓடிவந்தான். தங்கச்சியை வாசலில் படுக்க வைத்திருக்கிறான் என்று நாலு பேர் காறித் துப்புவார்களாம்.

"வண்டி உள்ள, மனுஷி வெளியவா? உனக்கென்ன பைத்தியமா?"

"என் தோல் வெடிச்சா தடவ மருந்து கடையில கிடைக்கும்ணே. அந்த டயர் எந்தக் கடையில கிடைக்கும், சொல்லு."