கறுப்படித்த நாற்பத்தொரு பக்கம்

ஐரோப்பிய வணிகப் போட்டிக் கண்காணிப்பு அலுவலகத்தின் வரவேற்பு மேசைக் காவலர் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஆறு அப்பங்களையும் ஒருமுறை எண்ணிவிட்டு மூடி, ஒரு வெள்ளைச் சீட்டில் க்ரீட்டின் பெயரை எழுதி அதன் மேல் ஒட்டினார். "போகும்போது எடுத்துக்கங்கம்மா. உள்ள யாரும் வாங்கிக்க மாட்டாங்க. ஒரு காபி வாங்கிக் குடுத்தாக்கூட அவங்க எழுதிக் குடுக்கணும்." காலையில் கெராட்ஸ்பெர்கன் ஊர் இனிப்பு அப்பம் விற்கும் கடையில் வரிசையில் நின்று வாங்கியவை அவை. தன் புகாரை விசாரித்து எட்டு வருடம் தொலைபேசியில் பேசிய அதிகாரி ஒருத்தியை வெறுங்கையோடு போய்ப் பார்க்க க்ரீட்டுக்கு மனம் வரவில்லை.

மெஹலன் நகரத்துக் கடையில் இன்று விடுப்புச் சொல்லியிருந்தாள். அங்கே அவள் சலவை இயந்திரம் விற்கிறாள். ஒரு காலத்தில் எந்தக் கடையில் எந்த இயந்திரம் என்ன விலை என்று பெல்ஜியம் நாட்டுக்கே இணையத்தில் சொன்னவள், இப்போது ஒரே கடையில் நின்று ஒரே விலையைச் சொல்கிறாள். கெண்ட் நகரில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் அவளும் வான்னெஸும் ஒரு விலை ஒப்பீட்டு இணையதளம் தொடங்கியிருந்தார்கள். பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். இணையத்தில் எதைத் தேடினாலும் எல்லோரும் நுழையும் வாசல் ஒரு பெரிய தேடல் நிறுவனத்துடையது. அது ஒரு அக்டோபர் வாரத்தில் தன்னுடைய சொந்த விலைப் பட்டியலைத் தேடல் முடிவுகளின் உச்சியில் வைத்துக்கொண்டு, இவர்களை நான்காம் பக்கத்துக்குத் தள்ளியது. நான்காம் பக்கத்துக்கு மனிதர்கள் போவதில்லை. வந்துகொண்டிருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வாரத்தில் காணாமல் போனார்கள். க்ரீட் புகார் கொடுத்தாள். மூன்றாவது வருடம் அவர்களுடைய நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று. சொத்தை விற்றுக் கடனடைக்க நீதிமன்றம் நியமித்த கலைப்பு அதிகாரி தன் அறிக்கையில், மூடலுக்கான காரணம் என்ற இடத்தில் இரண்டே சொல் எழுதினார்: நிர்வாகக் குறைபாடு.

அந்த இரண்டு சொல்லைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அதைப் படித்தார்கள். தளத்தைக் கட்டிய வான்னெஸ் படித்துவிட்டு, "நான் எழுதின புரோகிராம்தான் சரியில்லையோ" என்று ஒருமுறை கேட்டான். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டான். இன்று பன்னிரண்டு மணிக்கு இந்த அலுவலகத்தில் அந்தப் பெரிய நிறுவனத்தின் மேல் தீர்ப்பு அறிவிக்கப் போகிறார்கள். அதில் ஒரு பத்தி போதும் அவளுக்கு. இவர்கள் விழவில்லை, தள்ளப்பட்டார்கள் என்று ஒரு பத்தி. அதைப் படியெடுத்துக் கலைப்பு அதிகாரியின் மேசையில் வீச வேண்டும். பதினோரு பேருக்கும் அனுப்ப வேண்டும்.

அந்த அதிகாரி மாரிக்காவைப் பார்த்ததும் க்ரீட்டுக்குச் சங்கடமாக இருந்தது. எஸ்டோனியாக்காரி. முதன்முறை பார்த்தபோது புதிதாக வேலைக்கு வந்த பெண் போல இருந்தாள். இப்போது காதோரம் முழுக்க நரைத்திருந்தது. க்ரீட்டை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, மாரிக்கா கதவைச் சாத்தினாள்.

"அபராதம் நூத்தித் தொண்ணூறு கோடி யூரோ," என்றாள். "பதிமூணு நாட்டுல அவங்க செஞ்சது தப்புன்னு முடிவு பண்ணியிருக்கோம்."

க்ரீட் நாடுகளின் பட்டியலை வாங்கி விரலால் தடவிக்கொண்டே போனாள். திரும்ப மேலிருந்து வந்தாள்.

"பெல்ஜியம் எங்க?"

 மாரிக்கா அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். நாற்பத்தொரு பக்கம். ஒவ்வொன்றிலும் தலைப்பு இருந்தது, பக்க எண் இருந்தது. நடுவில் மேலிருந்து கீழ்வரை கறுப்புப் பட்டை. க்ரீட்டுக்கு அது என்ன என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. 

அது க்ரீட்டின் கைவேலைதான். யாரையாவது குற்றம் சாட்டினால், எதை வைத்துச் சாட்டுகிறோமோ அதை அவனுக்குக் காட்டியாக வேண்டும் என்பது விதி. அதனால் புகார் கொடுப்பவர்கள் இரண்டு பிரதி தர வேண்டும். ஒன்று முழுசாக, அலுவலகத்துக்கு. இன்னொன்று தொழில் ரகசியங்களை மட்டும் மறைத்து, எதிராளியின் பார்வைக்கு. ஏழு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அவள் அந்த இரண்டாம் பிரதியைத் தயாரித்தாள். அப்போதும் தளத்துக்கு வந்த பத்துப் பேரில் ஏழு பேர் அந்த நிறுவனத்தின் வாசல் வழியாகத்தான் வந்தார்கள். இவள்தான் காட்டிக்கொடுத்தாள் என்று தெரிந்தால் மிச்சத்தையும் அடைத்துவிடுவார்கள் என்று பயந்தாள். சந்தேகம் வந்தால் மறைத்துவிடுங்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வந்தது. எண்களை மறைத்தாள், தேதிகளை மறைத்தாள், கடைகளின் பெயரை மறைத்தாள். ஒரு பக்கத்தில் சைக்கிள் கடையின் முகவரியைக்கூட மறைத்திருந்தாள். கெட்டிக்காரத்தனமாக ஏதோ செய்துவிட்டதாக அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

"மூணு தடவை எழுதினேன்," என்றாள் மாரிக்கா. "கொஞ்சமாவது தெறந்து விடுங்க, சுமாரான எண்ணாவது குடுங்கன்னு. முடியாதுன்னு ரெண்டு வரில பதில் போட்டீங்க."

"என் கழுத்த நானே கொண்டுபோய் நீட்டணுமா? அப்ப கம்பெனி உயிரோட இருந்துச்சு."

"மூடினப்புறமும் எழுதினேன். விதிப்படி அப்ப கம்பெனின்னா கலைப்பு அதிகாரிதான். அவருக்குத்தான் அனுப்ப முடிஞ்சுது. அக்கறை இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டார்."

அந்தக் கடிதம் வந்ததே க்ரீட்டுக்குத் தெரியாது. அந்த ஆள்மேல் வந்த ஆத்திரம் பாதி வழியில் திரும்பித் தன்மேலேயே விழுந்தது. மேசைமேல் இருந்த தன் கையைப் பார்க்கவே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

"முழுப் பிரதி உங்ககிட்ட இருக்குல்ல. படிச்சீங்கல்ல நீங்க?"

"ரெண்டு தடவை படிச்சேன். எனக்குத் தெரியும், க்ரீட். தெரிஞ்சு என்ன பண்ண? எதிர்ல பதினெட்டு வக்கீல் உக்காந்திருக்காங்க. அவங்க கண்ணுல படாத ஒரு எண்ண நான் தீர்ப்புல வெச்சா, நாளைக்கு கோர்ட்டு பதிமூணு நாட்டையும் சேர்த்து அள்ளிப் போட்டுடும்."

"ஒரே ஒரு வரி. நிர்வாகக் குறைபாட்டால மூடலன்னு."

"முடியாது."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால். மாரிக்கா அறிவிப்புக்கு மேலே போக வேண்டும். ஆனாலும் அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவங்களுக்கு இந்த அபராதம் எத்தனை நாள் வருமானம்?" என்று கேட்டாள் க்ரீட்.

"ரெண்டு வாரம் இருக்கும்."

"எனக்கு எட்டு வருஷம்."

மாரிக்கா கறுப்படித்த காகிதக் கட்டை அவள் பக்கம் தள்ளினாள். "கோப்ப மூடறோம். இத நீங்க எடுத்துக்கலாம். யாரு கேட்டாலும் குடுக்கலாம் இத."

"மறைக்காத பிரதி?"

"அது உங்க கம்பெனிக்குத்தான் குடுக்கலாம்." சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கம்பெனிதான் இல்லையே."

கீழே காவலர் அப்பப் பெட்டியைக் காட்டிக் கூப்பிட்டது காதில் விழுந்தும் க்ரீட் நிற்கவில்லை. ரயில் நிலையம் வரை நடந்தே வந்தாள். அந்த எண்கள் என்னவென்று நினைவுபடுத்திப் பார்த்தாள். எத்தனை பேர் வந்தார்கள், எந்தத் தேதியில் நின்றார்கள்? ஒரு காலத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். இப்போது ஒன்றும் வரவில்லை. வான்னெஸ் பராமரித்த கணினிகளில் இருந்த எண்களையும் முழுப் பிரதியையும், அவற்றை ஏலத்தில் எடுத்தவன் எப்போதோ அழித்துவிட்டான்.

நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்ததும் வான்னெஸே கூப்பிட்டான். கெண்ட் நகராட்சியில் கணினி பார்க்கிறான் இப்போது. அவன் கூப்பிட்டு ஒரு வருடம் இருக்கும்.

"செய்தில ஓடுது. பாத்தியா? நம்ம பேர் இருக்கா அதுல?"

"நாப்பத்தொரு பக்கம் இருக்கு நம்மளப் பத்தி," என்றாள். அது பொய்யில்லை.

"நாப்பத்தொண்ணா? படி, ஒரு பக்கம் படி."

"படிக்க முடியாது. எல்லாம் கறுப்படிச்சிருக்கு."

 அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது கேட்டது. "மறைச்சிட்டானுங்க. எனக்குத் தெரியும் க்ரீட். நாப்பத்தொரு பக்கத்த மறைக்கணும்னா எவ்வளவு பண்ணியிருக்கணும். நான் இத்தன வருஷமா என் புரோகிராம்லதான் எங்கயோ ஓட்டைன்னு... ராத்திரில எழுந்திரிச்சு அதையே யோசிச்சிட்டுக் கெடப்பேன். வீட்ல யார்கிட்டயும் சொன்னதில்ல."  செருமிக்கொண்டான். "அவனுங்கதானே மறைச்சது?"

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசை, எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அவனுக்காகத்தான் சொல்லவில்லையா, தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆமா," என்றாள். "அவங்கதான்."

"திருட்டுப் பசங்க," என்றான் வான்னெஸ். இத்தனை வருடத்தில் அவன் இவ்வளவு லேசாகப் பேசி அவள் கேட்டதில்லை. சனிக்கிழமை எல்லோரையும் கூப்பிடப் போவதாகவும், அந்தப் பக்கங்களைக் கட்டாயம் கொண்டு வர வேண்டும் என்றும் சொல்லி வைத்தான்.

எதிர் நடைமேடைக்கு மேலே இருந்த பெரிய திரையில் சத்தமில்லாமல் செய்தி ஓடியது. ஐரோப்பாவின் வரைபடம். பதிமூன்று நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாயின. நடுவில் பெல்ஜியம் ஒரு சின்னத் துண்டாக வெள்ளையாகவே நின்றது. அந்த வெள்ளைக்குள்ளேதான் அறிவிப்பு நடக்கும் ஊர் என்று ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள். க்ரீட் காகிதக் கட்டை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு அந்தப் புள்ளியையே பார்த்தாள். ரயில் வந்து திரையை மறைத்து நின்றது, கதவுகள் திறந்தன.