ஃபேன் சத்தம்

“உனக்குப் பதிலா நான் பேசட்டுமா, அம்மணி?”

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஜோஸ்லின் அக்கா என்னிடம் கேட்டது இது. கணபதி ஏரியாவில் இருக்கிற கிரைண்டர் கம்பெனி. வாங்கியவர்கள் போனில் சொல்லும் புகார்களைக் கேட்டுப் பதில் சொல்வது எங்கள் வேலை. போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்துவிட்டேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கத்து ஆள், “அலோ, அலோ, உசுரோட இருக்கறீங்களா?” என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா ரிசீவரை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டுதான் அப்படிக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொல்லக்கூட எனக்குக் குரல் எழும்பாது. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே பல நாள் வராதவள் ஆனேன். பத்தாம் வகுப்பில் நிஜமாகவே வராமல் நின்றுவிட்டேன். நாலு பேரிடம் பேசிப் பழகட்டும் என்றுதான் அன்னூரிலிருந்து அம்மா என்னை இங்கே அனுப்பினார். இந்த வேலையும் நிலைக்காவிட்டால் கல்யாணம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

அக்காவுக்கு சர்ச்சில் பாடுகிற குரல். மாடியில் பேசினால் கீழே கேட்கும். ஆனால் கோபமாக யாராவது கூப்பிட்டால் “சாரிங்க சார், சாரிங்க மேடம்” என்பதைத் தாண்டி அவருக்கு ஒன்றும் ஓடாது. எனக்கோ குரல்தான் இல்லை. என்ன கேட்கலாம் என்பது மட்டும் தோன்றிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் பல்லடத்திலிருந்து ஒருவர், “உங்க கிரைண்டரத் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன்” என்று ஆரம்பித்தார். அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“வீட்டுக்கு யாரு வாராங்கன்னு கேளுங்கக்கா” என்று கிசுகிசுத்தேன்.

“ஏனுங்ண்ணா, ஊட்டுக்கு யாராச்சும் விருந்தாடி வாராங்களா?”

அந்தப் பக்கம் அப்படியே அடங்கிவிட்டது. “மாப்ள வாராருங்க. மொத தடவ. மாவு இல்லீன்னு எங்கூட்டுக்காரி என்னையப் போட்டு ஆட்டறாளுங்க” என்றார். அதற்குப் பிறகு அவர் கிரைண்டரைப் பற்றிப் பேசவே இல்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. கிரைண்டர் மேல் யாருக்கும் கோபம் கிடையாது. அது நின்றுபோனால் வீட்டில் ஒருவர் இன்னொருவரைத் திட்டுகிறார், திட்டு வாங்கியவர் எங்களைக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். வாங்கிய திட்டை இறக்கிவைக்க அவருக்கு ஓர் இடம் காட்டினால் போதும்.

அப்புறம் எல்லா அழைப்பும் இப்படித்தான். அக்கா புருவத்தைத் தூக்குவார். நான் குனிந்து கிசுகிசுப்பேன். அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே அதை அழகான குரலில் சொல்லுவார். போன் வைத்ததும் இருவரும் சிரிப்போம். “நீ ரேடியோ ஸ்டேஷன், நான் ரேடியோப் பொட்டி” என்பார்.

எங்கள் முதலாளி திருமலைசாமி சார் ஊக்கப் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்வந்தவர். வந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் மீட்டிங். டீயும் தேங்காய் பன்னும் கொடுத்துவிட்டு, எங்களை எழுந்து நிற்கவைத்து “நம்மளால முடியும்!” என்று கைதட்டச் சொல்லுவார். “டிரம்மு சுத்துனாத்தான் கல்லு சுத்தும், கல்லு சுத்துனாத்தான் மாவு. இதுதான் டீம் வொர்க்கு” என்பார். பேக்கிங்கில் இருக்கும் தெய்வாத்தாள் அக்கா, “எல்லாத்துக்கும் கரண்டு வேணுமுங்களே” என்று பன்னைப் பிட்டுக்கொண்டே சொல்லுவார்.

அந்த மாதம் காந்திபுரத்தில் புது ஆபீஸ் திறப்பதாக இருந்தது. போன் வேலை முழுக்க அங்கே போய்விடும். இங்கே இருக்கிற எங்கள் மேசை இருக்காது. ஒரு ஆள் போதுமா, இரண்டு பேர் வேண்டுமா என்பதை வரும் சனிக்கிழமை சொல்வதாக சார் அறிவித்தார்.

“எதுக்கு இப்பிடி மொகத்த வெச்சிருக்கற?” என்று அக்கா என் கன்னத்தைத் தட்டினார். “நான் போனா நீயும் வார. ரெண்டு பேரில்லாம இந்த வேல ஓடாதுன்னு நானே சார்கிட்டச் சொல்லிப்போடறேன். என்ற மேல நம்பிக்கை இல்லையா கண்ணு?”

நம்பினேன். காந்திபுரத்துக்கு மாற்றுகிறார்கள் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சார் பெரிய ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஆயுத பூஜைக்குப் பாட்டுப் போடுகிற ஸ்பீக்கர். “வாடிக்கையாளர்கிட்ட எப்பிடிப் பேசோணும்னு எல்லாரும் கேளுங்க. நம்ம ஜோஸ்லின் பேசுன ஒரு கால்” என்றார்.

‘இந்த அழைப்பு பதிவு செய்யப்படும்’ என்று ஒவ்வொரு முறையும் போனில் வருவது அக்காவின் குரல்தான். இருந்தும் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வது என்றே நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம்.

ஸ்பீக்கரில் வந்தது, அந்தியூரிலிருந்து கூப்பிட்ட ஓர் அம்மா. மறுநாள் மகளுக்கு நிச்சயம், கிரைண்டர் ஓடவில்லை என்று அழுதுகொண்டிருந்தார். அழுகைக்குப் பின் சின்ன அமைதி. அந்த அமைதியில், பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம்: “பொண்ணு பேரு என்னன்னு கேளுங்கக்கா.” உடனே அக்காவின் குரல், மணி மாதிரி: “பொண்ணு பேரு என்னங்கம்மா?” மறுபடி அமைதி. “ஒரே தடவையா எல்லாத்தயும் போட்டுட்டாங்களான்னு கேளுங்கக்கா.” உடனே அக்கா: “எல்லா உளுந்தயும் ஒரே தடவையா போட்டுட்டீங்களாம்மா?” அந்த அம்மா அழுகையோடு சிரித்தார். பாதியை எடுத்ததும் கிரைண்டர் ஓடியது. நிச்சயத்துக்கு எங்களையும் கூப்பிட்டார்.

என் குரலை நான் வெளியே கேட்டது அதுதான் முதல் தடவை. காது சுட்டது.

சார் நிறுத்தினார். “ஏம்மா ஜோஸ்லின், நடுவால என்னமோ சத்தம் வருதே?”

“ஃபேனுங்க சார்” என்றார் அக்கா. “எங்க தலைக்கு மேல இருக்கறது. ரொம்ப இரையுதுங்க.”

“ஃபேனு அக்கான்னா கூப்புடுது?” என்றார் மெக்கானிக் மெல்வின். எல்லோரும் சிரித்தார்கள். சார் திரும்பவும் ஓடவிட்டார். முதலில் என் கிசுகிசுப்பு, பிறகுதான் அக்காவின் குரல். யாருக்கும் சந்தேகம் வராத அளவுக்குத் தெளிவாக இருந்தது.

எனக்கு ஒருபக்கம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டு பேர் வேண்டும் என்று அக்கா இனித் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, ஸ்பீக்கரே சொல்லிவிட்டது என்று நினைத்தேன்.

“அது ஹாரிகாங்க சார்” என்றார் அக்கா. “நான் பேச வேண்டியதெல்லாம் முன்னாடியே அவகிட்டச் சொல்லி வெச்சிருவேனுங்க. எனக்கு மறந்துறக் கூடாதுன்னு எடுத்துக் குடுக்கறா. எல்லாம் என்ற வார்த்தைதானுங்க.”

“அப்பிடியாம்மா ஹாரிகா?”

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த பன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்ற ஒரே சொல் தொண்டை வரைக்கும் வந்து, பள்ளிக்கூடத்தில் நின்ற அதே இடத்தில் நின்றது.

“அவ பேச மாட்டாளுங்க சார். அவளுக்குப் பதிலா நாந்தான் பேசோணும்” என்றார் அக்கா. “ஆமான்னுதான் சொல்றாளுங்க.”

சார் தலையாட்டினார். “எடுத்துக் குடுக்கறதுக்குத் தனியா ஒரு சம்பளம் வேண்டாமம்மா. எழுதி ஒட்டி வெச்சுக்கலாம். ஜோஸ்லின் காந்திபுரம் போகட்டும். ஹாரிகா இங்கயே தீபாவளி வரைக்கும் பேக்கிங்ல இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.” பிறகு எல்லோரும் எழுந்து நின்று, நம்மளால முடியும் என்று கைதட்டினோம். நானும் தட்டினேன்.

“ஏங்கண்ணு, ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமல்ல?” என்று தெய்வாத்தாள் அக்கா அட்டைப்பெட்டி ஒட்டக் கற்றுத்தரும்போது கேட்டார். “இந்த டேப்பு உன்ற வாயில இல்ல, பொட்டிலதான் ஒட்டோணும்.” சிரிக்கவைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை ஜோஸ்லின் அக்கா தன் குஷனையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப்போக வந்தார். மேசைப் பக்கம் வேறு யாரும் இல்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். நான் போய் எதிரில் நின்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பேக்கிங் வரைக்கும் கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

“எனக்குப் பதிலா எதுக்குங்கக்கா ஆமான்னு சொன்னீங்க?”

அவர் திடுக்கிட்டுப் போனார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. புருவம் மெல்ல மேலே போனது. பழக்கத்தில் அவர் கண்கள் என் உதட்டுக்கு வந்து, அங்கேயே காத்திருந்தன.

அவர் என்ன சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தெரியும். ‘ஒரு ஆளுக்குத்தான் எடம்னு பயந்துபோட்டேன் அம்மணி.’ அவ்வளவு போதும். கேட்டிருந்தால் நான் அடங்கியிருப்பேன். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நான் உதட்டை இறுக மூடிக்கொண்டேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குஷனை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.