ஆறாத எஞ்சின்

ஆற்றங்கரை நகரத்தின் லத்தா பகுதியில், சாந்தகுமாரியின் பழைய இரும்புக் கடையில் கிடந்த எட்டு சிலிண்டர் எஞ்சின், லாரியிலிருந்து இறக்கிப் பதினான்கு வருடமாகியும் சூடு ஆறவில்லை. தொட்டால் சுடாது; காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைப் போலிருக்கும். மழைக்காலத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஈர லுங்கிகளை அதன்மேல் உலர்த்துவார்கள். டீக்கடைக்காரர், லபெயே என்னும் பர்மியப் பால் டீயின் கெட்டிலை அங்கேயே வைத்துவிட்டுப் போவார். பெரும்புயல் அடித்த வருடத்தில், அணைத்தால் மறுபடி கிளம்பாது என்ற பயத்தில், ஒரு டிரைவர் அந்த லாரியைப் பத்து நாள் அணைக்காமலே ஓட்டி, வெள்ளத்தில் தப்பியவர்களை ஏற்றிவந்தாராம். பதினோராம் நாள் லாரி தானாகவே நின்றது. டிரைவரின் பெயரை யாரும் கேட்டு வைக்கவில்லை. இறைவனுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பர்கத்துல்லாவுக்கு ஓர் எஞ்சின் தேவைப்பட்டது. அவர் மகள் ஸமீராவைக் கட்டிக்கொடுத்த ஊர், டாலாவுக்குத் தெற்கே ஓர் ஓடைக்குள் இருக்கிறது. கடல் வாங்கும் நேரத்தில் ஓடையில் ஒரு சாண் தண்ணீர்தான் நிற்கும். முதல் பிரசவத்தின்போது படகின் புரொப்பலர் சேற்றில் சிக்கி, தண்ணீர் ஏறும்வரை ஐந்து மணி நேரம் காத்திருந்ததில் குழந்தை போய்விட்டது. இப்போது அவளுக்கு மறுபடி ஐந்து மாதம். சுற்றுலாத் தொழிலை விட்டுவிட்ட ஒருவர் தமது ஜெட் படகின் அலுமினியக் கூட்டை, எஞ்சின் இல்லாமல், பள்ளிவாசலுக்குக் கொடுத்திருந்தார். ஜெட் படகுக்குப் புரொப்பலர் கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடித்து ஓடும். ஒரு சாண் தண்ணீர் போதும், ஆனால் அந்தப் பம்பைச் சுழற்றப் பெரிய எஞ்சின் வேண்டும். ஓடை ஊர்களின் நோயாளிகளுக்கு உதவும் என்று எல்லாரும் பேசினார்கள். பர்கத்துல்லா தம் மகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. துஆ கேட்கையில் இறைவனிடம் மட்டும் சொன்னார்.

சாந்தகுமாரி மூன்று எஞ்சின்களைக் காட்டினாள். முதலாவது புதுப் பெயின்டில் பளபளத்தது. அவர் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி பூசிக் காத்திருந்தார்; வெடிப்பு இருந்த இடத்தில் முடிபோல ஓர் ஈரக்கோடு எழுந்தது. இரண்டாவது டீசல், குற்றமில்லாதது. ஆனால் அந்தக் கனத்துக்குப் படகு ஒரு முழம் அமிழ்ந்துவிடும். மூன்றாவது, ஆறாத எஞ்சின். நான்கு முறை மண்ணெண்ணெய் தடவியும் கோடு விழவில்லை. கிராங்கைத் தாங்கும் ஒவ்வொரு மூடியிலும் நாலு போல்ட் இருந்தது. உழைப்பதற்கென்றே வார்த்த இரும்பு.

“அத விட்ருங்க பாய். அது போயிட்டா என் டீ என்னாகிறது?”

“அடுப்பு ஒண்ணு வாங்கித் தர்றேன் தங்கச்சி.”

“அடுப்புன்னா அணைஞ்சிருமே” என்று சிரித்தவள், யாருக்கு எஞ்சின் என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே மகளைப் பற்றிச் சொன்னார். அவள் கெட்டிலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தூக்குவதற்கு ஆட்களைக் கூப்பிட்டாள். சம்பான் படகில் ஆற்றைக் கடக்கையில் மழை பிடித்துக்கொண்டது. கூட வந்த பயணிகள் முறை வைத்து எஞ்சின்மேல் கை வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பர்கத்துல்லா ஒரு தவறு செய்தார். சூட்டில் இரும்பு விரியும் என்பதால், நாற்பது வருடமாக எந்த எஞ்சினையும் ஆறவைத்தே அளந்தவர் அவர். இது ஆறவில்லை. மீன் சந்தையிலிருந்து ஐஸ் கொண்டுவந்து மூடினார். ஐஸ் கரைந்து பட்டறையெல்லாம் ஓடியது, எஞ்சின் அப்படியே இருந்தது. நாளோ நிற்கவில்லை. சூட்டோடு சூடாகச் சிலிண்டர்களை அளந்து, அந்த அளவுக்குப் புதுப் பிஸ்டன்கள் வாங்கி, வால்வும் பேரிங்கும் மாற்றிப் பூட்டினார். ஆற்றில் விட்ட கால் மணி நேரத்தில் பிஸ்டன்கள் விரிந்து இறுகி, எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஸமீராவுக்கு அப்போது எட்டு மாதம்.

சோறு கொண்டுவந்த மனைவி லத்தீபா, கழற்றிக் கிடந்த பிஸ்டனைத் தொட்டாள். பிறகு எஞ்சினைத் தொட்டாள்.

“இது சில்லுனு இருக்கு, அது சூடா இருக்கு. ரெண்டையும் எப்படிங்க சேர்த்து அளந்தீங்க?”

“அது ஆற மாட்டேங்குதே.”

“அது ஏன் ஆறணும்? இதச் சுட வைங்க.”

மறுநாள் சுபுஹ் தொழுதுவிட்டு வந்து, வேறு எட்டுப் பிஸ்டன்களைக் கம்பளியில் பொதிந்து எஞ்சின்மேலேயே வைத்தார். மாலை அஸர் தொழுகை வரை தொடவில்லை. இரண்டுக்கும் ஒரே சூடு வந்தபின் அளந்தபோது, இடைவெளி வேண்டியதைவிட அரை முடி குறைவாக இருந்தது. சிலிண்டர்களை அந்த அரை முடிக்குத் தேய்த்தார். மனிதரை அளக்கும்போதும் நாம் இந்தத் தவறைத்தான் செய்கிறோம். பர்கத்துல்லா அப்படியெல்லாம் யோசிக்கவில்லை, அவருக்கு நேரமில்லை.

ஸமீராவுக்கு வலி கண்டது, அடைமழை பெய்த ஒரு நண்பகலில், ஓடை வற்றிக் கிடந்த நேரத்தில். பர்கத்துல்லாவும் லத்தீபாவும் போய் அவளை ஏற்றிக்கொள்ள, ஒரு சாண் தண்ணீரில், சேற்றைச் சீறியடித்துக்கொண்டு படகு ஓடியது. மாமியார் சொன்னபடி மருமகன் ஆபித் கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தான். ஓடை ஆற்றில் சேருமிடத்தில் ஆகாயத்தாமரை பம்பின் வாயை அடைத்துவிட்டது. பர்கத்துல்லா எஞ்சினை அணைத்து, தண்ணீரில் கைவிட்டு வேர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அவர் முதுகுக்குப் பின்னால் குழந்தை பிறந்தது. அழவில்லை. மழையில் நீலமாகிக்கொண்டிருந்த அந்தப் பெண் குழந்தையை லத்தீபா துடைத்து, போர்வையை நாலாக மடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி எஞ்சின்மேல் கிடத்தினாள். நூறு எண்ணும் நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குழந்தை அழுதது.

பர்கத்துல்லா எழுந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். ஆற்றுக் கல்லைப் போல் சில்லென்றிருந்தது. சாவியைத் திருப்பியதும் கிளம்பியது, ஆனால் உள்ளே டக்டக் என்று ஒரு தட்டல். ஆறாத எஞ்சினுக்கென்று விட்ட இடைவெளி, ஆறிய எஞ்சினுக்கு அரை முடி அதிகம். அக்கரை ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கிய நர்ஸ், காய்ச்சல் என்று நினைத்து மூன்று முறை தெர்மாமீட்டர் வைத்தாள். காய்ச்சல் இல்லை.

குழந்தைக்கு ஷிரின் என்று பெயர் வைத்தார்கள். இப்போது மூன்று வயது. படகு இதுவரை ஓடை ஊர்களிலிருந்து எத்தனையோ பேரை ஏற்றிவந்துவிட்டது. காலையில் முதலில் கிளப்பும்போது எஞ்சின் தட்டும். ஷிரின் உள்ளங்கையை வைத்தால் தட்டல் நின்றுவிடும். அதனால் சாவியைத் தேடுமுன் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். பர்கத்துல்லா அந்த அரை முடியைச் சரிசெய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தகுமாரி ஃபெரியில் டாலாவுக்கு வருவாள். ஆறிப்போன லபெயேயை ஷிரினின் இரண்டு கைகளிலும் கொடுத்துவிட்டு லத்தீபாவோடு பேசிக்கொண்டிருப்பாள். பேச்சு முடிந்ததும் வாங்கி, ஊதி ஊதிக் குடிப்பாள்.