எல்லைக் கருப்பு குடித்த போர்தோ

ஆத்தூர் எல்லைக் கருப்பணசாமி கடைப் பிராந்தியை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தது போன வருடம் ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. அன்றைக்குத் திண்டுக்கல் சந்தையில் மல்லிகை கிலோ நானூறு, தக்காளி முப்பது. பூசாரி ஈஸ்வரன் எப்போதும்போல எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிச் சாமி முன்னால் வைத்தார். பிராந்தி டம்ளரின் விளிம்பில் ஏறி, நூலாக வளைந்து, வந்த வழியே பாட்டிலுக்குள் போய்ச் சேர்ந்தது. மூடியும் தானாகத் திருகிக்கொண்டது. மூன்று தரம் ஊற்றினார், மூன்று தரமும் அப்படியே. சுருட்டையும் சேவலையும் சாமி வழக்கம்போல ஏற்றுக்கொண்டதால், கோபம் ஆட்கள்மேல் இல்லை, பிராந்திமேல்தான் என்பது எல்லாருக்கும் விளங்கியது. அடுத்து, பூ விவசாயம் பார்க்கும் கருப்பணன் தன் கடைக்குட்டி தீபாவின் கல்யாணத்துக்குப் பூக்கேட்டார். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் இலையில் மடித்துப் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். பிரித்துப் பார்த்தால் உள்ளே பூவே இல்லை. இன்னொரு பொட்டலத்திலும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் செம்பட்டிக்காரர்கள், அதே கருப்பைக் கும்பிடுகிறவர்கள். ஆவணியில் கல்யாணம் என்று பேசியிருந்தாலும், வாக்கு வராமல் பத்திரிகை அடிப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்கள். தீபாவும் மாப்பிள்ளை அருண்பாண்டியும் ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வருடம் மல்லுக்கட்டி இரண்டு வீட்டையும் வழிக்குக் கொண்டுவந்தவர்கள். அன்று மத்தியானம் தீபா சாப்பிடவில்லை. கருப்பணனும் சாப்பிடவில்லை. காரணம் என்னவென்று அவருக்கு மட்டும் தெரியும். நேரே பஸ் ஏறித் திண்டுக்கல் நாகல் நகருக்கு, சேவியர் வீட்டுக்குப் போனார்.

சேவியரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கருப்பணன், சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் முத்துக்கிருஷ்ணன், சேவியர் மூவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிற்பாடு சேவியர் பாண்டிச்சேரிக்குச் சமையல் வேலைக்குப் போய், அங்கிருந்து பிரான்சில் போர்தோ என்கிற ஊருக்குப் போய், ஒரு சாப்பாட்டுக் கடையில் முப்பத்தொரு வருடம் ஒயின் ஊற்றினார். பழைய ஒயினென்றால் கூட்டம் கூடும் கடை அது. பாட்டிலைத் திறந்ததும் ஊற்றுகிறவன் ஒரு வாய் தானே எடுத்து, நாக்கில் உருட்டிப் பார்த்து, நன்றாக இருந்தால்தான் வந்தவர்களுக்கு ஊற்ற வேண்டும்; கெட்டிருந்தால் எவ்வளவு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வாய்தான் சேவியருக்கு. மீதியெல்லாம் மற்றவர்களுக்கு. கெட்ட பாட்டில் ஒன்றைக்கூட மேசைக்கு அனுப்பியதில்லை என்பது ஒன்றுதான் அவருடைய தற்பெருமை, அதைக் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். கடைசி மூன்று லீவுகளில் முதலாளியம்மா பிரியமாகக் கையில் திணித்துவிட்ட பாட்டில்கள், தடவைக்கு இரண்டாக மொத்தம் ஆறு, அவரோடு ஊர் வந்து சேர்ந்தன. நாகல் நகர் வெயிலில் அவை ஒரு கோடையைத் தாண்டாது என்பதால் கருப்பணன் கிணற்றில், தண்ணீருக்கு நாலடி மேலே உள்சுவரில் இருந்த மாடக்குழியில், ஈரச்சாக்கு சுற்றிப் படுக்க வைத்தார்கள். கிணற்றில் இறங்கித் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த மனிதர் அந்த வட்டாரத்தில் சேவியர் ஒருவர்தான்.

சேவியர் வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகு, கொரோனா வருடம் ஒன்றைத் தவிர, தைக்கு ஒரு பாட்டிலாக மூவரும் அவர் வீட்டில் கூடிக் குடித்தார்கள். சேவியரின் மனைவி பிலோமினா சீரகச் சம்பாவில் பிரியாணி போடுவார். முதலில் தொண்ணூற்றாறாம் வருடத்து ஒயின், அப்புறம் தொண்ணூறு, எண்பத்தொன்பது, எண்பத்தாறு என்று இளசிலிருந்து கிழடுக்குப் போனார்கள். முதல் வருடம் நண்பர்கள் இருவரும் இது புளித்துப்போன கரைசல் என்று தீர்மானித்தார்கள். அடுத்த வருடம் முத்துக்கிருஷ்ணன் கண்ணாடிக் கோப்பையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, நடுவில் அரக்கு, ஓரத்தில் செங்கல், இந்தச் சாயம் தன் தொட்டியில் ஒரு தரம்கூட விழுந்ததில்லை என்று பெருமூச்சு விட்டார். கருப்பணன் மோந்து பார்த்து, புகையிலைக் கிட்டங்கி வாசம், அப்புறம் தோல் பதனிடும் ஷாப் வாசம் என்றார். சேவியருக்குக் கண் கலங்கிவிட்டது. போர்தோவில் பெரிய பெரிய ஆட்கள் மூக்கை விட்டு, புகையிலை, தோல் என்று சொன்னபோதெல்லாம், இது கிட்டங்கியும் தோல் ஷாப்பும் இருக்கிற எங்கள் ஊர்ப் பேகம்பூர் ரோடுதானே என்று நினைத்து அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். முப்பத்தொரு வருடம் யாரிடமும் சொல்ல முடியாததை அன்றைக்குச் சொன்னார். மூவரும் சிரித்தார்கள், பிரியாணி இரண்டாம் தடவை வந்தது.

வினை வந்தது ஐந்தாவது பாட்டிலில். அது எண்பத்திரண்டாம் வருடத்து ஒயின். சேவியர் முறைப்படி ஒரு வாய் எடுத்து, நன்றாக இருக்கிறது என்று உரக்கச் சொல்லி, ஊற்றினார். ஒரு மடக்கு குடித்த கருப்பணனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இம்மாதிரிப் பொருளைக் கருப்புக்கு வைக்காமல் தான் மட்டும் குடிப்பது பாவம் என்று தோன்றி, கோப்பை நிறைய ஊற்றிக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "எல்லைக் கருப்பா, இனிமே ஒனக்கு இதுதான்" என்றும் சொல்லிவிட்டார். நாற்காலி லேசாகப் பின்னுக்கு நகர்ந்தது, சுருட்டு வாசம் வந்தது, கோப்பையில் ஒயின் அரையங்குலம் அரையங்குலமாக இறங்கிக் காலியானது. விருந்தாளி வந்திருக்கிறார் என்று பிலோமினா நாலாவது தட்டை எடுத்து வைத்தார். அன்றைக்கு எல்லாருக்கும் நல்ல தூக்கம். சாமிக்குக் கொடுத்த வாக்கு என்றால் என்னவென்று ஆடியில் அடுத்த படையல் வந்தபோதுதான் தெரிந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாட்டில், அறுபத்தொன்றாம் வருடத்து ஒயின். அந்த வருடத்து ஒயினைச் சேவியர் தம் காலத்தில் ஒன்பது தரம் திறந்திருக்கிறார். ஒன்பது தரமும் ஒரு வாய்தான். ஒரு முழுக் கோப்பையை உட்கார்ந்து நிதானமாகக் குடித்துவிட வேண்டும் என்பது அவர் மனதில் கிடந்த ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் அவருக்குக் கிடையாது. கருப்பணனுக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே வெள்ளிக்கிழமை வந்தவர் காப்பியைக் குடித்து, மல்லிகை விலையைச் சொல்லி, போய்விட்டார். சனிக்கிழமையும் வந்தார், கனகாம்பரத்தில் நோய் விழுந்ததைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, சாமி பிராந்தியைத் திருப்பியதையும் பூ வராததையும் யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அவர் தெருமுனை திரும்பியதும் பிலோமினா கணவரிடம், "அவரு வாயத் தொறந்து கேக்க மாட்டாரு. நீங்களாத்தான் குடுக்கணும்" என்றார். சேவியர் இரண்டு நாள் யோசித்தார். கொடுக்க மனமில்லை என்பதுதான் உண்மை, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மூன்றாம் நாள் கருப்பணனுக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் கிணற்றுப் பாட்டிலோடும் முத்துக்கிருஷ்ணனோடும் கருப்போடும் சாப்பிட வரச் சொன்னார்.

ஆடி கடைசி வெள்ளி ஏழு மணிக்கு நாகல் நகர் மெயின் ரோட்டில் குளம்புச் சத்தம் கேட்டது. குதிரை கண்ணில் படவில்லை. ஆட்டோக்காரர்கள் மினி பஸ்ஸுக்கு ஒதுங்குவதுபோல இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டார்கள். சேவியர் வீட்டில் நாலாவது நாற்காலி நகர்ந்தது, சுருட்டு வாசம் பரவியது. சேவியர் சிலுவை போட்டுக்கொண்டு கார்க்கைத் திருகினார். அது பொடிப்பொடியாக உதிர்ந்து வந்தது. தம் கோப்பையில் ஒரு வாய் அளவு ஊற்றிக்கொள்ளப் போனபோது கருப்பணன் கையைப் பிடித்தார். சாமிக்குப் படைப்பதை யாரும் முன்னால் ருசி பார்ப்பதில்லை. கோயில் பொங்கலுக்கு உப்புச் சரியா என்றுகூட நாக்கில் வைக்க மாட்டார்கள், வைத்தால் எச்சில். போன தடவை தெரியாமல் நடந்தது, இந்தத் தடவை சாமிக்கென்றே திறந்தது.

"ருசி பாக்காம ஊத்துடா. எச்சிலாயிரும்."

"பாக்காம நான் ஒருத்தருக்கும் ஊத்துனதில்ல, கருப்பணா."

கருப்பணன் கையை எடுத்தார். சேவியர் மோந்தார். வாயில் வைத்தார். ஒயின் செத்துப்போயிருந்தது. புளித்த காடியும் நனைந்த அட்டையும்தான் மிச்சம். கிணற்றில் கெட்டதா, பிரான்சிலேயே கெட்டதா, அதை இனி யாராலும் சொல்ல முடியாது. மற்ற இருவரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். பேசாமல் ஊற்றிவிட்டால் அவர்களுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. சாமிக்கும் தெரியாமல் போகலாம். நாளைக்கே பூ வரலாம், பத்திரிகை அடிக்கலாம். தீபாவைக் கைக்குழந்தையாகப் பார்த்தவர் சேவியர். லீவில் வரும்போதெல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சாக்லேட் கொண்டுவந்தவர். பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்.

"சாமி, இது கெட்டுப்போச்சு. இத ஒங்களுக்கு ஊத்த எனக்கு மனசு வரல. வேற பாட்டிலும் எங்கிட்ட இல்ல. மன்னிச்சுக்கங்க."

கருப்பணன் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, ஆனால் தோள் இரண்டும் தொங்கிவிட்டன. சேவியர் பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்க்கலாம் என்று எடுக்கப் போனால் அது மேசையை விட்டு வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், மேசைதான் நகர்ந்தது. அப்போது முத்துக்கிருஷ்ணன் எழுந்து நின்றார். கல்யாண வீட்டில்கூட மைக்கைக் கண்டால் பின்வாசல் வழியாகப் போய்விடுகிற மனிதர், அதுவரை ஒரு தரமும் அருள் வராதவர். ஆத்தூர்க்காரக் குரலில், அடுத்த தெருவுக்குக் கேட்கிறாற்போலப் பேசினார்.

"இம்புட்டு வருசமா எனக்கு ஊத்துறீங்க, பொங்குறீங்க. உப்பில்லாத பொங்கல், கருகுன கறி, தண்ணி கலந்த சாராயம், அம்புட்டையும் வாய மூடிக்கிட்டுத் தின்னேன். ஒருத்தனாவது நாக்குல வச்சுப் பாத்து, இது நல்லாருக்கு, இது நல்லால்லேன்னு சொன்னீங்களாடா? இவன் சொன்னான். தைமாசமும் சொன்னான், இன்னிக்கும் சொன்னான். இவன் நல்லாருக்குன்னு சொன்னதாலதான் அன்னிக்கு அது எனக்கு ருசிச்சுச்சு."

சொல்லி முடித்ததும் முத்துக்கிருஷ்ணன் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பாட்டில் தானாகச் சாய்ந்து நாலாவது கோப்பையில் ஊற்றியது. கெட்டதென்று தெரிந்தே கருப்பு மூன்று கோப்பை குடித்தது, ஒவ்வொரு கோப்பைக்குப் பிறகும் மேசை லேசாக நடுங்கியது. மிச்சத்தைச் சேவியரின் கோப்பையில், விளிம்பு வரைக்கும், சாமியே ஊற்றியது. சேவியர் அதை உட்கார்ந்து நிதானமாகக் குடித்தார். காடிதான், தொண்டை எரிந்தது. அறுபத்தொன்றாம் வருடத்து ஒயினில் அவருக்குக் கிடைத்த முதல் முழுக் கோப்பை அது. இவ்வளவு மோசமான ஒயினை வாழ்நாளில் குடித்ததில்லை என்று சொல்லிக்கொண்டே சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது, கருப்பணன் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். நாலாவது தட்டுக்குப் பிரியாணி மூன்று தடவை போனது. எலும்பு மட்டும் மிச்சம் இருந்ததாகப் பிலோமினா அடுத்த வீட்டில் சொன்னார்.

மறுநாள் காலை ஈஸ்வரன் பொட்டலத்தைப் பிரித்தபோது வெள்ளை அரளி வந்தது, பூ இன்னும் பனி ஈரத்தோடு இருந்தது. பத்திரிகை அடித்தார்கள். ஆவணியில் கல்யாணம் ஆத்தூரில் நடந்தது. தீபா சாப்பாட்டுப் பந்தியில் சேவியருக்குத் தன் கையால் பரிமாறினாள். அதிலிருந்து படையல் நாளுக்கெல்லாம் எல்லைக் கருப்பு கோயிலுக்கு நாகல் நகரிலிருந்து சேவியரை ஆட்டோ வைத்து அழைத்துப் போகிறார்கள். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, பொங்கலில் ஒரு வாய், கறியில் ஒரு துண்டு, பிராந்தியில் ஒரு சொட்டு என்று பார்த்து, உள்ளதை உள்ளபடி உரக்கச் சொல்லுவார், அப்புறம்தான் படையல். பிராந்தியைப் பற்றி அவர் இதுவரை நல்ல வார்த்தை ஒன்றும் சொன்னதில்லை. சுமார்தான் சாமி என்பார். கருப்பு மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்ளும். இந்த ஆடியில் பொங்கலுக்கு உப்புப் போதாது என்று அவர் சொன்னார். பூசாரி ஒரு கை உப்பு கொண்டுவந்து போட்டுக் கிளறினார், சேவியர் இன்னொரு வாய் பார்த்து, இப்போது சரி என்றார், சாமி சாப்பிட்டது.