தலையில் ஏறிய புட்டிங்

பைபிள் மேல் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

விக்டோரியா ராணி காலத்து லண்டனில் ஒபதயா திரிப் என்றொரு எழுத்தாளர். கிறிஸ்துமஸன்றும் பாதி ஜனம் வேலைக்குப் போன காலம் அது. அவர் அறையை விட்டு நகராமலே, ஸ்னெட்டர்பி கிராமத்தின் ஐநூறு வருஷக் கிறிஸ்துமஸ் வழக்கத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவ்வூரின் மூத்த கிழவர், கொதிக்கக் கொதிக்கப் பிளம் புட்டிங் என்ற பழக்களி உருண்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கொட்டும் பனியில் தேவாலயத்தை மூன்று சுற்று சுற்றுவாராம். முழுக் கற்பனை. ஸ்னெட்டர்பிக்காரர்கள் அன்றைக்கு வயலில் டர்னிப் கிழங்கு பிடுங்குவதே வழக்கம்.

அடுத்த டிசம்பரில் பட்டணத்துச் சீமான்கள் ரயில் ரயிலாக அங்கே போய் இறங்கினார்கள். படித்தவர்கள், அதனால் சந்தேகம் வரவில்லை. தன் மூளையில் பிறந்த வழக்கம், ஊரே தன்னைக் கொண்டாடும் என்று திரிப்பும் கிளம்பினார்.

பனியில்லை, தூறல்தான். புத்தகத்தில் பனி இருக்கிறதே என்று விடுதிக்காரி கெசியா தேவாலயத்தைச் சுற்றி வாத்து இறகு தூவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த வழக்கத்தை உண்டாக்கினதே நான்தான்" என்றார் திரிப்.

கெசியா ஏற இறங்கப் பார்த்தாள். "ஐநூறு வருஷத்துக்கு முன்னாடியா? வயசே தெரியலியே உங்களுக்கு!"

புட்டிங் சுமக்கும் ஜேபஸ் கிழவர் வழுக்கையைக் குனிந்து காட்டினார். நேற்றைய ஒத்திகையில் வந்த கொப்புளம் பளபளத்தது. "தொட்டுப் பாரும்யா. பரம்பரைத் தழும்பு. எங்கப்பாவுக்கும் இதே இடந்தான்."

"பெரியவரே, போன வருஷம்கூட நீங்க டர்னிப்தானே பிடுங்கினீங்க?"

"சுத்தி முடிச்சிட்டுப் பிடுங்கினேன். அது கெடக்கட்டும். மூணு சுத்துன்னு தப்பா எழுதித் தொலைச்சவனைத்தான் தேடிக்கிட்டிருக்கோம். ஏழு சுத்துய்யா!"

"அதை எழுதினது நான்தாங்க!"

"அந்தத் திருட்டுப்பய நீதானா? மிச்ச நாலு சுத்தையும் நீயே சுத்து!"

ஊரே சேர்ந்து திரிப்பின் தலையில் புட்டிங்கை ஏற்றியது. ஆவி பறக்க, கன்னமெல்லாம் இறகு ஒட்ட, அலறிக்கொண்டே நாலு சுற்று ஓடினார். சீமான்கள் கைதட்டினார்கள். ஒரு சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எத்தனை தலைமுறையா சுமக்கிறீங்க, ஐயா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தார் திரிப். கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

"பதினஞ்சு தலைமுறையா, அம்மா" என்றார்.

இத்தனைக்கும், திரிப் எழுதிய அந்தப் புத்தகம் கடைசிவரை அச்சேறவே இல்லை. பிறகு எதைப் படித்துவிட்டு அத்தனை பேரும் வந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், பைபிள் மேல் கை வைத்தாயிற்று.