பஸ்கள் எல்லாம் நின்ற நாள்

"நான் பொறந்த அன்னைக்கு உலகத்துல இருக்கற எல்லா பஸ்ஸும் நின்னுடுச்சு," என்றாள் நாலரை வயதுக்காரி, ஆக்ஸிஜன் முகமூடியை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "ரயிலும் நின்னுச்சு. ஏரோப்ளேனும்."

அடுத்த கட்டிலில் இருந்த ஏழு வயதுக்காரி மூக்குக் குழாயோடு திரும்பிப் பார்த்தாள். காய்ச்சலில் அவளுக்கு உதடு வெடித்திருந்ததே ஒழிய புத்தி மழுங்கவில்லை.

"பொய்."

"தாத்தாவைக் கேளு."

அங்கேதான் வம்பு. தாத்தாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவதும் வழக்கில் தோற்பதும் ஒன்றுதான். வேலைக்காலம் முழுக்க டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அந்த மனிதர் வாயைத் திறந்தால் உண்மை படிக்கட்டில்கூட நிற்காமல் குதித்து ஓடிவிடும். அவர் ஹாரன் அடித்தால் அடுத்த ஊரில் தூங்கும் குழந்தை எழுந்து உட்காரும்; பிரேக் போட்டால் பூமியே ஒரு நொடி சுற்றாமல் நிற்கும். வீட்டில் மற்றவர்கள் மறுத்து மறுத்து அலுத்துப்போனார்கள். பேத்தி மட்டும் அதை வாங்கி, இன்னும் இரண்டு மடங்காக்கித் திருப்பித் தருவாள். அவள் வாசலைத் தாண்டாமல் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த நாட்களில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு இருவரும் பஸ் விட்ட நாளிலிருந்து அவருக்கு அவள் கண்டக்டரம்மா.

ஆனால் கண்டக்டரம்மா இன்று சொன்னது நிஜம். கொரோனா ஊரடங்கில் ஊரை மூடிய அன்றுதான் அவள் பிறந்தாள்.

"ஆமாம் இன்ஸ்பெக்டர்," என்றார் தாத்தா. வார்டில் யார் என்ன சொன்னாலும் சரிபார்க்கிறவள் என்பதால் பக்கத்துக் கட்டில்காரிக்கு அவர் வைத்த பெயர் அது. "நின்னுச்சு. கடைசி பஸ்ஸை டிப்போவுல விட்டதே நான்தான்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கம் விடவில்லை.

"ரோட்டுல புல்லு முளைச்சிடுச்சு. எங்கிருந்தோ ஒரு மான் வந்து என் சீட்ல ஏறி உட்கார்ந்துக்கிச்சு. எறங்குன்னா எறங்க மாட்டேங்குது."

"மான் டிக்கெட் வாங்குச்சா?"

"டிரைவர் சீட்டுக்கு எதுக்கும்மா டிக்கெட்?"

"ரெண்டு பேரும் பொய்," என்று தீர்ப்புச் சொல்லி இன்ஸ்பெக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேத்திக்குக் கோபம் வந்தது. கோபம் இருமலானது. இருமல் அவளை இரண்டாக மடித்துப் போட்டது. விலாவில் செருகியிருந்த குழாய் நடுங்கி, கட்டிலடியில் இருந்த பாட்டிலில் மஞ்சளாக ஏதோ இறங்கியது.

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்களேன்," என்றாள் மகள், குழந்தையின் முதுகைத் தாங்கியபடி.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும் பேத்தி அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். "மான் வேண்டாம் தாத்தா. நெஜத்தை மட்டும் சொல்லு. அப்பதான் நம்புவா."

"அப்புறம் சொல்றேன்."

"மறக்காம."

"கண்டக்டர் விசில் அடிச்ச பிறகு எந்த டிரைவராவது மறப்பானா?"

சும்மா ஒரு சளியாகத்தான் ஆரம்பித்தது. காய்ச்சல் விட்டு, இட்லியோ கஞ்சியோ எதையாவது கொடு என்று அவள் அடம்பிடிக்கத் தொடங்கிய பிறகு மறுபடி ஏறியது. இந்தத் தடவை விலாவெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. வார்டு நிரம்பி வழிந்தது. சில கட்டிலில் தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக இரண்டு குழந்தைகள். எல்லாம் இவள் வயதை ஒட்டியவை. இவ்வளவு இருமலையும் ஒன்றாகச் சேர்த்தால் பஸ் எஞ்சினையே கிளப்பிவிடலாம் என்று முதல் நாள் தாத்தா சொன்னார். மாப்பிள்ளைகூடச் சிரித்தார்.

சுற்றுக்கு வந்த டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் முழுக்க வெள்ளை.

"வாசலைத் தாண்ட விடாம வளர்த்தோம் டாக்டர்," என்றாள் மகள். "கொரோனா போய், எல்லாரும் வெளியில வந்த பிறகும் நாங்க விடல. ஒரு தும்மல் கிடையாது இவளுக்கு. பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அதனாலயா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. தெருவுலயே விளையாடின பிள்ளைங்களும் இங்க இருக்காங்க." முகமூடிக்கு மேலே அவர் கண் மட்டும்தான் தெரிந்தது. "முதல்ல வந்தது சாதாரண வைரஸ். அது நுரையீரலை ஓய வச்சிடுச்சு. பின்னாலயே பாக்டீரியா உள்ள நுழைஞ்சு சீழ் கட்டியிருக்கு. மருந்தை மாத்திட்டோம். இனி மெஷின் உதவியும் வேணும். மேல மாத்திடறேன்."

மேலே என்றால் கண்ணாடிக் கதவு போட்ட அறை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது பேத்தி கையை ஆட்டினாள், யாருக்கு என்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் சுவர்ப்பக்கமே பார்த்திருந்தாள். ஆனால் தூங்கவில்லை. காது இரண்டும் கதவுப் பக்கம்தான் இருந்தன.

கண்ணாடி அறைக்குள் ஒவ்வொருவராகத்தான் விட்டார்கள். தாத்தாவின் முறை வந்தபோது பச்சை அங்கியைப் பின்பக்கம் கட்டிவிட்டாள் நர்ஸ். குழந்தை தூங்க வைக்கப்பட்டிருந்தாள். வாயில் குழாய். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. அவ்வளவு சீராக அவள் ஒருநாளும் மூச்சு விட்டதில்லை.

"பேசலாம் ஐயா, காதுல விழும்," என்றாள் நர்ஸ்.

ஒரு தேநீர் ஆறுவதற்குள் ஒன்பது கதை கட்டுகிறவர், போர்வைக்கு வெளியே இருந்த பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அது முழுசாக அவர் உள்ளங்கைக்குள் அடங்கியது.

சாயங்கால வெயில் தாழ்வாரத்துக்குள் வந்தபோது டாக்டர் வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றிவிட்டு அவர்கள் முன்னால் நின்றார். இத்தனை நாளில் அந்த முகத்தை அவர்கள் பார்த்ததில்லை. மிகவும் சின்ன வயது. வேறொரு நாளாக இருந்தால் தாத்தா, 'இவருக்கு இன்னும் பால் பல்லே விழல' என்றிருப்பார். மாப்பிள்ளை சுவரில் கை வைத்தார். மகள், "சாக்ஸ் போட்டுடுங்க, அவளுக்குக் கால் ஜில்லுன்னு ஆயிடும்," என்றாள் டாக்டரிடம். மறுபடியும் அதையே சொன்னாள்.

குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையெழுத்துகள் போட மாப்பிள்ளை போனார். மகளைச் சுற்றி நர்ஸ்கள் இருந்தார்கள். கீழே வார்டில் கிடக்கும் சாமான்களை எடுத்து வர தாத்தா இறங்கினார்.

கட்டில் இடத்தில் வேறு கட்டில் வந்துவிட்டது. அதில் வேறு இருமல். இவர்கள் பை ஜன்னலோரம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஸ்பூன், பிளாஸ்க், பச்சைத் துண்டு, மூடியில் ஒழுகும் சின்ன டம்ளர். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இன்ஸ்பெக்டரின் அம்மா எழுந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"அவ எப்ப கீழ வருவா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

தாத்தா அவள் கட்டிலருகே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மான் இல்லம்மா," என்றார்.

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"புல்லும் முளைக்கல. நான் பஸ்ஸை உள்ள விட்டேன். சாவியை ஆபீஸ்ல கொடுத்தேன். நாளைக்கு வர வேண்டாம்னாங்க. வெளியில வந்தா ரோட்ல ஒண்ணும் இல்ல. ஒரு சைக்கிள்கூட இல்ல. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். அவ பொறந்துட்டான்னு வாட்ச்மேன் சொன்னான். உள்ள விடல. வாசல்லயே நின்னேன்."

"அவ அழுதது கேட்டுச்சா?"

தாத்தாவுக்கு வாய் தன்னால் திறந்தது, மூடிக்கொண்டார். "கேக்கல. கேட்ட மாதிரி இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள். அவசரமே படவில்லை.

"சரி," என்றாள். "நின்னுச்சு. நான் நம்பிட்டேன்னு அவகிட்ட சொல்லிடுங்க."